ஹார்ட்முட் ஐசெலேயின் சனிக்கிழமை மூச்சு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பணமுள்ளவர்கள் மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் கீழே பள்ளத்தில் இருந்துகொண்டு அவர்களுடைய கார்ப் புகையைக் குடிக்கிறார்கள். கெர்லிண்டே ஐசெலே குடித்தனம் நடத்தியது பள்ளத்தில், அதுவும் ஆறு வழிச் சாலையை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு சண்டைகள்தான். ஒன்று, ஜன்னலில் வந்து படியும் கறுப்புத் தூசியோடு. இன்னொன்று, அப்படியொரு தூசியே இல்லை என்று சாதிக்கும் கணவரோடு.

மாடிப்படி கூட்டும் முறை அவளுக்கு வரும் வாரங்களில், காலையில் துடைத்த படி மாலைக்குள் மை பூசினாற்போல் ஆகிவிடும். கூடத்துத் திரைச்சீலை வெள்ளை நிறம் என்பதற்கு இப்போது கடை ரசீதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஹார்ட்முட் டீசல் என்ஜின் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். டீசலைப் பற்றி யார் ஒரு வார்த்தை சொன்னாலும் பெற்ற பிள்ளையைத் திட்டியதுபோல் பொங்குவார். பொங்கியதும் இருமல் வரும்.

"சிகரெட் உண்டா?" என்று கேட்டார் டாக்டர்.

"தொட்டதே இல்ல."

"வீடு எங்க?"

ஹார்ட்முட் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"வேற வீடு பாருங்க, ஹெர் ஐசெலே. அந்த ரோட்டுப் புகை உங்க நெஞ்சுக்கு ஆகாது."

"அந்த ஆளு சைக்கிள்ல போறவன்" என்றார் ஹார்ட்முட், வெளியே வந்ததும். "வேற எப்படிப் பேசுவான்?"

ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு மலைமேல் ஒரு கார் நிறுத்துமிடம்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. மனுஷன் மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிறது. அடுத்த குளிர்காலத்தை இவர் தாண்டுவாரா என்ற பயம் கெர்லிண்டேவைவிட்டு அகலவே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து நகருக்குள் பழைய டீசல் கார் ஓட்டத் தடை வந்தது. தடையை எதிர்த்துச் சனிக்கிழமைதோறும் கூட்டம் என்றார்கள். கெர்லிண்டே வீட்டு வாசலிலேதான் இடம். கூட்டத்தை நடத்திய தோர்ஸ்டன், ஹார்ட்முட்டிடம் வேலை பழகியவன். நேரே வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஹார்ட்முட், நீதான் பேசணும். இத்தன வருஷம் இந்த ரோட்டுல இருந்தும் கல்லு மாதிரி நிக்கிற."

"கல்லா?" என்றாள் கெர்லிண்டே. "ரெண்டு மாடி ஏறுறதுக்குள்ள மூணு எடத்துல உக்காருது இந்தக் கல்லு."

"நீ சும்மா இரு" என்றார் ஹார்ட்முட்.

சனிக்கிழமை போலீஸ் வந்து சாலையை இரண்டு பக்கமும் அடைத்தது. ஹார்ட்முட் ஒரு பீர் பெட்டியின்மேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என்னப் பாருங்க! நாப்பது வருஷமா இங்கதான் இருக்கேன். எனக்கு என்ன ஆ..."

இருமல் பிடித்துக்கொண்டது. ஆள் இரண்டாக மடிந்து, முகம் நீலம் பாரித்துவிட்டது. கெர்லிண்டே கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்றாள் ஒருத்தி. கைதட்டல் வானைப் பிளந்தது. கெர்லிண்டேவுக்கு வந்த ஆத்திரத்தில், அவர்கள் பிடித்திருந்த கோஷ அட்டைகளைப் பிடுங்கி ஆளுக்கு இரண்டு அடி வைத்திருப்பாள்.

நடைபாதை ஓரமாக அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தோர்ஸ்டன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். ஹார்ட்முட்டின் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. தோள் தளர்ந்தது. மூச்சு அடிவரை போய் வந்தது.

"கெர்லிண்டே, நெஞ்சு லேசா இருக்கு."

"நெசமாவா?"

"மனசுல இருந்ததப் பேசிட்டேன்ல, எல்லாம் சரியாப்போச்சு. அந்த சைக்கிள்காரனுக்கு என்ன தெரியும்?"

கெர்லிண்டே சாலையைப் பார்த்தாள். ஆறு வழியிலும் ஒரு வண்டி இல்லை. போலீஸ் அடைத்ததிலிருந்து ஒரு மணி நேரமாகப் புகையும் இல்லை. சொல்ல வாயெடுத்தவள், விசில் சத்தமில்லாத அந்த மூச்சைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து நேரே தோர்ஸ்டனிடம் போனாள்.

"அடுத்த வாரமும் ரோட்ட அடைப்பாங்களா?"

"ஆமா, ஃப்ராவ் ஐசெலே. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரத்துல என்னடா போராட்டம்? டீசலுக்காக இவ்வளவுதானா உன்னால முடியும்? நாள் முழுக்க நடத்து. ஞாயித்துக்கிழமையும் சேத்து நடத்து. எல்லாருக்கும் உருளைக்கிழங்கு சாலட் நான் செஞ்சு தரேன்."

தோர்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் அதை அப்படியே அறிவித்தான். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது ஹார்ட்முட்தான். இருமல் வரவில்லை.