பின்சக்கரம் தாண்டும் வரை

எங்கள் கன்டெய்னர் யார்டின் கேட் ஆபீசை மூடுவதற்கு ஒரே ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. அதைச் செய்து கொடுக்க வேண்டியவன் நான். ஆட்டையே கூப்பிட்டுக் கத்தியைத் தீட்டச் சொன்ன மாதிரி என்று இங்கே பெருமூச்சு விடலாம்தான். ஆனால் ஆடு நான் இல்லை. என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வெளியேறும் லாரிகளைக் கவுன்டரில் உட்கார்ந்து கணினியில் ஏற்றும் பெண்மணிக்குத்தான் வேலை போகப்போகிறது. ஓட்டுநர்கள் அவரைக் கேட்டம்மா என்பார்கள். நாங்களும் அப்படித்தான். எனக்கு விஷயம் தெரிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வாரமும் அவர் வாங்கி வைத்த டீயை நான் வெட்கமில்லாமல் குடித்தேன்.

யார்டு திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கிறது. காலையில் மேசையைத் துடைத்தால் மதியத்துக்குள் அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு அனல்மின் நிலையச் சாம்பல். எங்கள் சர்வருக்கும் அதே தூசிதான். நகரத்தின் மறுகோடியில், கண்ணாடிக் கட்டடத்தில், தலைமை அலுவலகம் ஒரு புது சர்வர் வாங்கியிருந்தது. எங்கள் டேட்டாபேஸின் நகல் ஒன்று அங்கே ஓடவேண்டும். இங்கே எது மாறினாலும் அங்கேயும் உடனே மாறவேண்டும். அது சரியாக நடந்தால் கேட்டில் கேமரா வரும், ஆபீஸ் போகும்.

மாறியதை மட்டும் பிடித்து மறுபக்கம் சேர்க்கிற இந்த வேலைக்கு எங்கள் தொழிலில் ‘சேஞ்ச் டேட்டா கேப்சர்’ என்று பெயர். நான் வளர்ந்த வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இதைச் சம்பளம் வாங்காமல் செய்ய மாடிக்கு ஒருவர் இருந்தார். உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். அது ஊருக்கே தெரியும். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்வார். புது மிக்சி வந்தது. மருமகன் கோபித்துக்கொண்டு போனான். நாய் செத்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தன் மனதில் இருக்கும் உங்கள் வீட்டைத் திருத்திக்கொள்வார். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் எனக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி, ரத்த அழுத்த மாத்திரை.

முதலில் பொய் லாரியை வைத்துச் சோதித்தேன். ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் என் மச்சான் பெயரைப் போட்டேன். சேர்த்தேன், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். பெயரில் ஓர் எழுத்தை மாற்றினேன், அங்கேயும் மாறியது. அழித்தேன், அங்கேயும் அழிந்தார். மச்சானை ஒரே நொடியில் இரண்டு இடத்தில் இல்லாமல் ஆக்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தலைமை அலுவலகத்து மேடம் போனில் பாராட்டினார். நல்ல பெண், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கோபமே வராது. கடைசியாக ஓர் உண்மையான லாரி மட்டும் பார்த்துவிடலாம் சார், அதோடு முடிந்தது என்றார்.

மேகம் கவிந்த காலை அது. இரும்புத் தளவாடம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று வெளியேற வந்தது. கேட்டம்மா வண்டி எண், கன்டெய்னர் எண், சீல் எண் எல்லாம் தட்டி முடித்தார். பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. போனைக் காதில் வைத்து, மேடம் இப்போது பாருங்கள் என்றேன்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். அப்போதும் வரவில்லை.

என் பதற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது முதலில் காதில் ஏறும், பிறகு நேராகக் காலுக்கு வந்து என்னை நடக்கவைக்கும். நடந்தேன். சர்வர் அறையில் இருந்த எல்லா ஒயரையும் தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தவற்றையும் ஒருமுறை பிடுங்கிச் செருகினேன். மாற்றங்களைப் படிக்கிற நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களிடம் எதைச் செய்யக்கூடாது என்பேனோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தேன். சாலையில் யாராவது பள்ளம் தோண்டிக் கேபிளை வெட்டிவிட்டார்களோ என்று வெளியே ஓடினேன். எங்கள் சாலையில் பள்ளம் இல்லாத இடத்தைத்தான் தேடவேண்டும். கேட்டில் அந்த டிரெய்லரே மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பாதி உடம்பை உள்ளே வைத்து, முன்னால் நின்ற லாரி வரிசையில் மாட்டி நின்றது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாயே என்று ஓட்டுநரைத் திட்டினேன். அவர் ஸ்டீயரிங் மேல் காலைப் போட்டுக்கொண்டு, ‘ரெக்க குடு, பறந்துர்றேன்’ என்றார். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதையே சுற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு வேண்டிய பதில் அவ்வளவு பெரிய டிரெய்லராக நின்றது. நான் அதை வைதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மேடம் மறுபடி அழைத்தார். மாலைக்குள் அந்த ஒரு வரி வராவிட்டால் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டியதுதான், அடுத்த வாய்ப்பு சில மாதங்கள் கழித்துத்தான் என்றார் வருத்தத்தோடு. எனக்குள் ஏதோ ஒன்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆடியது. தோற்றுவிட்டேன்; கேட்டம்மாவுக்குச் சில மாதம் கிடைத்தது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்தச் சோதனையிலும் தோற்றதில்லை.

அந்த நிம்மதியோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன். ‘முடிந்தது’ என்ற பொத்தான் இன்னும் அமுக்கப்படாமல் இருந்தது. அதை அமுக்காதவரை, தட்டியதெல்லாம் திரையில் இருக்கும். டேட்டாபேஸுக்கு அது நடந்த காரியமே இல்லை. நடக்காததை யார் போய் மறுபக்கம் சொல்வது? எந்த ஒயரும் அறுந்திருக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது, என்னைத் தவிர.

அவர் மறந்துபோய் விடவில்லை. எங்கள் கேட்டில் பின்சக்கரம் தரையில் போட்ட கோட்டைத் தாண்டாமல் யாரும் அந்தப் பொத்தானை அமுக்குவதில்லை. வேறு யார்டுகளில் லாரியின் மூக்கு வெளியே போனதும் அமுக்கிவிடுவார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஒரு நாள் அப்படி அமுக்கிய பிறகு, வரிசை நகராததால் பாதியில் நின்ற டிரெய்லர் ஒன்று பின்னால் உருண்டது. பின்னால் நின்ற கிளீனர் அங்கேயே செத்துப்போனார். எண்ணூர்ப் பக்கத்து ஆள். வண்டி வெளியே போய்விட்டதாகக் கணினி சொல்கிறது, ஆகவே அது எங்கள் வளாகத்தில் நடந்ததில்லை என்றது நிர்வாகம். ரத்தம் கேட்டுக்கு உள்ளே இருந்தது. அந்த மனிதர் யார் கணக்கிலும் சேராமல் போனார். அதற்குப் பிறகு யாரும் உத்தரவு போடவில்லை, சுவரில் எதுவும் ஒட்டவில்லை. கவுன்டரில் உட்காருகிறவர்கள் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். வரப்போகும் கேமரா முன்பக்க நம்பர் பிளேட்டைப் படித்ததுமே வண்டி போய்விட்டது என்று எழுதும். பிற்பாடு மேடத்திடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் சார் என்றார்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தச் சாலையில் ஒரு வண்டி மாலைவரை நகராமல் நிற்பது அதிசயமும் இல்லை. ஆனால் என் முகம் என்னைவிட வாயாடி.

‘இன்னாணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?’ என்றார் கேட்டம்மா.

சொன்னேன். ஒரு வாரமாக விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

‘அப்ப இத நான் அமுக்குனா என் சீட்டு கிழிஞ்சிச்சி.’

‘ஆமாம்மா.’

‘நீ?’

‘என்னை அங்க மாத்திட்டாங்க.’

‘அமுக்கலன்னா?’

கொஞ்ச மாதம் தள்ளிப்போகும் என்றேன். அவர் ஜன்னல் வழியாக டிரெய்லரைப் பார்த்தார். அவர் வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவர் அவர் ஒருவர்தான். கணவர் கால் போய் வீட்டில் இருக்கிறார்.

‘காலைலர்ந்து தலையறுத்த கோழி மாரி சுத்திகினு இருந்தியே. அது வராதுன்னு பயந்தியா, வந்துரும்னு பயந்தியா?’

‘காலைல வராதுன்னு. இப்ப வந்துரும்னு.’

‘ரெண்டுத்துக்கும் பயந்தியா. நல்ல வேலைணா உன்து’ என்றார். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வரிசை நகர்ந்தது. எப்போதும் நகராத அந்தப் பாழாய்ப்போன வரிசை அன்றைக்குப் பார்த்து நகர்ந்தது. கேட்டம்மா எழுந்து ஜன்னலில் எட்டி நின்று, கடைசிச் சக்கரம் கோட்டைத் தாண்டும்வரை பார்த்தார். வந்து உட்கார்ந்து மவுசில் கை வைத்தார்.

‘கொஞ்சம் இரும்மா’ என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

‘இன்னாத்துக்கு? வண்டி பூட்ச்சி. பூட்டத உள்ள கீதுன்னு நான் காட்டிகினு குந்தினிருக்கணுமா? அந்தப் பாவம் வோணாம்ணா.’

அமுக்கினார்.

நான் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. வந்துவிட்டது சார், ஓர் எண்கூடப் பிசகாமல் வந்திருக்கிறது என்றார் மேடம். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. இன்னும் சில வண்டிகள் பார்த்துவிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டார். போடலாம் என்றேன்.

‘வூட்ல நானே சொல்லிக்கிறேன். நீ யாராண்டயும் சொல்லிகினு திரியாத’ என்றார் கேட்டம்மா. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்து வந்து நின்ற வண்டியின் எண்ணைத் தட்டத் தொடங்கினார்.

அன்று மாலை வரை நான் அவர் பக்கத்திலேயே போனோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், உட்கார்ந்தார், அமுக்கினார். ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் வந்தது. ஒன்றாவது தவறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.