கன்னத்து மேடு

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற அவருக்கு, பழங்காசு சேர்ப்பவர்கள் மத்தியில் 'லென்ஸ்' என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மடக்குகிற பூதக்கண்ணாடி ஒன்று கட்டாயம் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரச்சாமான் கடைக்கு மேலே உள்ள வாடகைக் கூடத்தில் காசுக்காரர்கள் கூடுவார்கள். வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் அங்கே போய்த்தான் கொட்டுவார்.

அவருடைய சண்டை எப்போதும் ஒன்றுதான். பழங்காசின் தரத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. காசை அனுப்பினால் எழுபதுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, மேலே ஒரு சீட்டும் வைத்துத் திருப்பி அனுப்பும். அதில் பெரிய கம்பெனி ஒன்று உண்டு. அதன் சீட்டு இருந்துவிட்டால் போதும், ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். சின்னக் கம்பெனிகளோ கேட்டதற்கு மேலேயே மார்க் போட்டுத் தருகிற தாராளப் பிரபுக்கள். அவற்றின் பெட்டியைக் கண்டாலே கூடத்தில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குறவனுக்குக் காசு எதுக்குய்யா? பேரைப் பாக்காத, பொருளைப் பாரு" என்பார் லென்ஸ்.

பொருளை எங்கே பார்ப்பது என்பதற்கும் அவரிடம் கணக்கு உண்டு. கைமாறின காசில் முதலில் தேய்வது மேடான இடம். தலை போட்ட காசென்றால் கன்னத்து மேடு, காதுக்கு மேல் உள்ள முடி. அங்கே மினுக்கம் செத்திருந்தால், மற்ற இடமெல்லாம் எவ்வளவு பளபளத்தாலும் அது புழங்கின காசுதான். இதைச் சொல்லாமல் அவர் ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணி தலை போட்ட வெள்ளிக் காசு ஒன்றைச் சின்னக் கம்பெனிப் பெட்டியில் வாங்கினார். சீட்டில் அறுபத்தி நாலு, அதாவது புழங்கவே புழங்காத காசு. விற்ற வியாபாரியே ஒரு மாதிரியாகச் சிரித்தார். லென்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ராணி மூக்கும் முழியுமாக இருந்தாள். இடுக்கியை எடுத்துப் பெட்டியை உடைத்து, வெறும் காசைப் பெரிய கம்பெனிக்கு அனுப்பினார். "அவனுங்க வாயாலயே அறுபத்தி நாலு சொல்ல வைக்கிறேன் பாரு" என்று மனைவியிடம் சவால் விட்டார். தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிற மனைவி, "சொல்லிட்டா சமையல் ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள்.

காசு போய்த் திரும்புவதற்குள் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்த தெருமுனைப் பரிசோதனைக் கூடம், பயப்பட ஒன்றுமில்லை என்றது. டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. கட்டியிலிருந்து எடுத்ததைத் தடவி வைத்திருந்த அதே கண்ணாடித் தகடுகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர்கள் கெட்ட கட்டி, உடனே வந்து சேரச் சொல்லுங்கள் என்றார்கள்.

அன்றிலிருந்து லென்ஸுக்கு எதுவும் உறைக்கவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பிள்ளைகள் பேருந்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏற ஆளே இல்லாத நிறுத்தத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றாள். அவர் வற்புறுத்தவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. அந்தப் பேச்சு வந்தாலே ரெண்டு பேரும் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பேசினார்கள்.

ஒரு மதியம், காலைப் பேருந்து நடையை முடித்து அவர் வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் பார்சல் இருந்தது. பிரித்தார். பெரிய கம்பெனிப் பெட்டி, பெரிய கம்பெனிச் சீட்டு. ஐம்பத்தி எட்டு. புழங்கின காசு.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பழக்க தோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்தார். ராணியின் கன்னத்து மேட்டில் சின்னதாக, சாம்பல் நிறத்தில், மினுக்கம் செத்த ஓர் இடம். எந்தக் கம்பெனியும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய இடம். அன்றைக்கு அவர் நேராகவே வைத்துப் பார்த்திருக்கிறார், சாய்க்கவே இல்லை. பிடித்துப்போனதை யார் சாய்த்துப் பார்க்கிறார்கள்?

"என்ன சொல்லுது உங்க பெரிய கம்பெனி?" கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். அவளுக்கு இப்போது லீவு.

"கொறச்சிட்டான்."

"அவன் கெடக்கான். பெரிய எடம்னா எதையாவது கொறை சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு. என் விஷயத்துலயும் அதான்." துணியை உதறினாள். "பேரைப் பாக்காத, பொருளைப் பாருன்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நான் நல்லாத்தாங்க இருக்கேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

மடித்த போர்வையை அடுக்க அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது.

கன்னத்து எலும்பு மேலே வந்திருந்தது. அதன் கீழே ஒரு குழி. காதுக்கு மேலே முடி விலகித் தோல் தெரிந்தது. அலமாரிக்குக் கையைத் தூக்கினபோது கைக்கடிகாரம் வழுக்கி முழங்கை வரைக்கும் போனது. எத்தனை மாதமாக இப்படி? தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம்தான் இது. அவர் நேராகவேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

லென்ஸ் பூதக்கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டார். மரத்துப்போயிருந்த இடத்தில் முதல் தடவையாக வலித்தது.

"பையை எடுத்து வை. நாளைக்குக் காலைல போயிடலாம்."

"அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்காரன் சொல்றதுதான் சரிங்கிறீங்களா?"

"அவன் சொல்றதை விடு. உன்னைப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

அவள் பரண் மேலிருந்து அவர் இறக்கிக் கொடுத்த பையை வாங்கித் தூசியைத் தட்டினாள். எத்தனை நாளுக்குத் துணி வைக்கட்டும் என்று மட்டும் கேட்டாள்.