மடத்து ஏழாம் இலக்க அறை

கிருஷ்ணராசா வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர். பதினெட்டு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு 2003இல் லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் குடியேறினார். ஊரார் சுவர்களுக்கெல்லாம் நிறம் பூசியவரின் சொந்த வரவேற்பறையில் ஆறு வருடமாக ஒரு படமும் இல்லை. ஊரில் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு மனைவி கனகவல்லி தொலைக்காட்சியைப் போடவே விடவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

அதைப் பொறுக்காமல்தான் அவர் பக்கத்து ஊரான பார்க்கிங்கின் சந்தையில் மூன்று பழைய படங்களை வாங்கிவந்து மாட்டினார். மூன்றிலும் ஒரே கட்டடம். செங்கல் சுவர், வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள், நடுவில் மணிக்கூண்டு. யாரோ பிரபுவின் அரண்மனை என்று நினைத்தார்.

மோர்டனிலிருந்து வந்த நண்பர் கஸ்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் கீழிருந்த சிறிய எழுத்தைப் படித்தார்.

"அண்ணை, இது அரண்மனை இல்லை. மடம். போக்கிடமில்லாத வயதுபோன சனத்துக்கு முந்நூறு வருசத்துக்கு முதல் ஆரோ வியாபாரி கட்டினது. விலாசமும் கிடக்கு."

கனகவல்லி குசினியிலிருந்து வந்தார். "கழட்டுங்கோ. வாற சனம் என்ன நினைக்கும்?"

"நல்ல மரச்சட்டம். கிடக்கட்டும்" என்றார் கிருஷ்ணராசா.

அவருக்கு அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறதா என்று அறிய ஆசை. உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டு அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டார். பதிலாக ஒரு படிவம் வந்தது. வயது, எத்தனை வருடமாக லண்டனில் வசிக்கிறார், நோய்கள், நன்னடத்தைக்குச் சாட்சி. படிவம் இல்லாமல் எந்த இடமும் அவரை உள்ளே விட்டதில்லை. ஆகவே சந்தேகப்படாமல் நிரப்பி அனுப்பினார்.

இரண்டு கிழமையில் மடத்து நிர்வாகிகள் இருவர், ஒரு கிழவரும் ஒரு சீமாட்டியும், வீட்டுக்கே வந்தார்கள். சீமாட்டி சுவரின் முன் நெடுநேரம் நின்றார். தங்கள் மடத்தை வீட்டில் மாட்டிவைத்த மனிதரை இதுவரை கண்டதில்லை என்றார். தான் சும்மா பார்க்கத்தான் கேட்டதாகக் கிருஷ்ணராசா சொன்னார். கூச்சமுள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள் என்று கிழவர் எழுதிக்கொண்டார். இருவரும் ஆளுக்கு மூன்று ரோல்ஸ் சாப்பிட்டார்கள்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அவருக்குச் சொந்த வீடு இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கிருஷ்ணராசா மூன்று தரம் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்னவாம்?" என்றார் கனகவல்லி.

"ரிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள்."

"நல்லது. ஆர் கேட்டது?"

"அப்பீல் பண்ணவேணும். பதினாலு நாள்தான் கிடக்கு."

"போக விருப்பமில்லாத இடத்துக்கு என்னத்துக்கு அப்பீல்?"

ஜேர்மனியில் கிருஷ்ணராசாவின் அகதி மனுவை இரண்டு தரம் நிராகரித்திருந்தார்கள். இரண்டு தரமும் மேன்முறையீடு செய்து, மூன்றாம் தரம்தான் வென்றார். நிராகரிப்புக் கடிதத்தைக் கண்டால் கை தானாகவே பேனையைத் தேடும்.

விசாரணைக்குக் கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த சபை அறையில் ஐந்து பேர் அமர்ந்திருந்தார்கள். வீடு தன்னுடையதல்ல, மனைவியின் பெயரில் இருக்கிறது என்று வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து வைத்தார். அது உண்மை. வாங்கிய நாளில் அவர் வேலையில் நின்றதால் கையெழுத்திட்டவர் கனகவல்லிதான்.

"மனைவி வெளியே போகச் சொன்னால்?" என்று கேட்டார் கிழவர்.

"போகத்தான் வேண்டும்."

"அப்படிச் சொல்லியிருக்கிறாரா?"

கிருஷ்ணராசா பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்துவிட்டு, "போன கிழமையும் சொன்னார்" என்றார்.

ஏகமனதாக ஏழாம் இலக்க அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். வென்றுவிட்ட சந்தோசத்தில் கேசரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கனகவல்லி கடிதத்தைப் பார்த்தார். "அப்ப நான் உங்களைத் துரத்திப்போட்டன் எண்டு எழுதிக் கிடக்கோ?"

"இல்லை. துரத்த ஏலும் எண்டுதான்."

கனகவல்லி கதிரையில் அமர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுநாளே கிருஷ்ணராசா மன்னிப்புக் கேட்டு அறையை விட்டுக்கொடுத்தார். அது ஓய்வுபெற்ற ஒரு பள்ளிச் சமையற்காரிக்குப் போனது. நிர்வாகிகளுக்குக் கோபமில்லை. டிசம்பரில் தேநீருக்கு இருவரையும் அழைத்தார்கள். கிருஷ்ணராசா ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்து, பெயின்ற் உரிந்த இடங்களை எல்லாம் கிழவருக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார். கனகவல்லி ஹீட்டருக்குப் பக்கத்தில் சால்வையைக் கழற்றிவிட்டு நன்றாகச் சாய்ந்து இருந்தார். வீட்டில் இவ்வளவு சூடு வருவதில்லை.

கணவரைக் கூப்பிட்டார்.

"பொம்பிளையளுக்கு எத்தினை வயதிலை அறை தருவினம் எண்டு கேளுங்கோ."

சீமாட்டி என்ன விசயம் என்று ஆவலோடு பார்த்தார். கேக் நன்றாக இருக்கிறதாம் என்று கிருஷ்ணராசா மொழிபெயர்த்தார்.