நூற்று இருபத்தேழு பல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புதுச்சத்திரத்துக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் லேத் அங்குலக் கணக்கில் செய்த பழைய இயந்திரம். அதில் மில்லிமீட்டர் கணக்கில் திருகு மரை வெட்ட வேண்டுமானால் நூற்று இருபத்தேழு பல் உள்ள சக்கரம் வேண்டும். ஐந்து அங்குலம் சரியாக நூற்று இருபத்தேழு மில்லிமீட்டர். அங்கிருந்து வந்த எண் அது.

அந்தச் சக்கரத்தில் பல் உடைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அறுபத்து மூன்று பல் சக்கரத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் இரு மடங்கு நூற்று இருபத்தாறு. ஒன்றுதானே குறைகிறது என்று இந்தப் பக்கம் பல பட்டறைகளில் செய்வதுதான். குட்டை போல்ட்டில் வித்தியாசம் தெரியாது.

போன தை மாதம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுநர் ஒருவர் முழ நீளத் திருகுத் தண்டு கேட்டு வந்தார். பழைய தண்டு வளைந்துவிட்டது. அதன் நட்டைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மாலைக்குள் வடக்கே கிளம்பாவிட்டால் போர் போடும் வேலை வேறு வண்டிக்குப் போய்விடும். ஆட்கள் சட்டி பானையோடு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வெட்டி முடித்து நட்டை ஏற்றினேன். சில சுற்று போய் இறுகிக்கொண்டது.

“ஏனுங்ணா, எண்ணெய் உட்டா ஏறாதுங்களா?”

“ஏறாதுங்க. சுத்துக்குச் சுத்து கொஞ்சங் கொஞ்சமா தள்ளிப்போவுது.”

நூற்று இருபது பல் என்றால் பத்தும் பன்னிரண்டுமாகப் பிரித்து, சின்னச் சக்கரங்களைக் கோத்து அதே வேலையை வாங்கலாம். இதையும் அப்படிப் பிரிக்க முடியுமா என்று தகரக் கதவில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒன்று மிஞ்சியது. ஏழிலும் ஒன்று. பதினொன்றில் ஆறு. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினாலே நூற்று இருபத்தேழைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேல் பார்ப்பது வீண். பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

எதிர்ச் சாரியில் ஓர் அக்கா பட்டறை நடத்துகிறார். அவரிடமும் இதே மாதிரி லேத்துதான்; அந்தச் சக்கரமும் இருக்கும். பக்கத்தில் இருந்தும் நான் அவரிடம் பேசியதில்லை. யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம் எனக்கு.

“நீங்க போயி வாங்கியாங்க” என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

“எனக்கு எந்தச் சக்கரம்னு தெரியுமுங்களா? வாங்ணா, நேரமாவுது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்க தம்பி. டீக்கடைக்குத் தலையக் குனிஞ்சுட்டே போவீங்க, இன்னிக்கு வழி தப்பிட்டீங்களா?”

மனதில் கோத்து வைத்த பேச்சு மறந்துவிட்டது. “நூத்தி இருபத்தேழுங்க” என்று மட்டும் வந்தது.

“வேற சக்கரங் கோத்துப் பாத்தீங்களா?”

“எதுலயும் வகுபடலீங்க.”

“வகுபடாது. என்ற ஊட்டுக்காரரும் ஒரு நா பூராப் போட்டுப் பாத்தாரு.” ஆணியிலிருந்து சக்கரத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். “ஒரு பல்லு போச்சுன்னா உங்க பல்லுல ஒண்ணப் புடுங்கிக்குவேன்.”

ஓட்டுநர் சிரித்தார்.

அக்காவின் சக்கரத்தை மாட்டி, வேறொரு தண்டில் மரை வெட்டினேன். விரலால் தள்ளியே நட்டு கடைசிவரை ஓடியது. பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவி நானே எடுத்துப் போனேன்.

“ஏறுச்சுங்களா?” என்றார் அக்கா, வேலையிலிருந்து நிமிராமல்.

“முழுசா ஏறிருச்சுங்கக்கா” என்றேன்.