ஜெயிலுக்குப் போகாத சின்னக்கா

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளை எல்லோரும் சின்னக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தைத்து வரும் சட்டைகளுக்கு அயர்ன் போடுவது அவள் வேலை. வீட்டில் கணவனும், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமனாரும். கிழவரைப் புரட்டிப்போட்டு, உடம்பைத் துடைத்து, ஊட்டிவிட்டுத்தான் காலையில் பஸ் பிடிப்பாள்.

ஒருநாள் அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்து, பக்கத்து மேசையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா போடும் பெண், "என்னக்கா, உங்க பெரியவரு இன்னும் டிக்கெட் வாங்கலையா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி கெட்டவள் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் சின்னக்காவும் சிரித்திருப்பாள். அன்றைக்கு, முந்தின ராத்திரி முழுக்கக் கிழவரோடு கண்விழித்த அசதி, கையில் சூடான அயர்ன்பாக்ஸ். அந்தப் பெண்ணின் முன்கையைப் பிடித்து இழுத்து, அதன்மேல் வைத்து அழுத்திவிட்டாள்.

போலீஸ் வந்தது. வேலை போனது. ஜாமீனில் வந்தவள், கோர்ட்டில் "செஞ்சது நான்தான்" என்று ஒப்புக்கொண்டாள். குற்றவாளி என்பது அன்றே முடிவாகிவிட்டது. என்ன தண்டனை என்று சொல்ல மட்டும் வேறு தேதி கொடுத்தார்கள். பயம் அவளைப் பிடித்தது அதற்கப்புறம்தான்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஒரு இளம்பெண். "மூணு வருஷம் வரைக்கும் உள்ள போட சட்டத்துல இடம் இருக்கு," என்றாள். "முதல் தப்பு, ஒத்துக்கிட்டீங்க, வீட்ல படுத்த ஆள் இருக்காரு. அதெல்லாம் உங்க பக்கம். ஆனா அந்தப் பொண்ணோட கையையும் ஜட்ஜம்மா பாப்பாங்கல்ல? எதுக்கும் ரெண்டு செட் துணி எடுத்துட்டு வந்துடுங்க."

அந்த 'எதுக்கும்' அவளை விடவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாசலில் யாராவது செருப்பை விட்டால்கூட போலீஸோ என்று எட்டிப் பார்த்தாள். கிழவரை எப்படிப் புரட்டுவது என்று கணவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பஸ்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன், முரட்டுக் கை. அவன் இரண்டு தடவை புரட்டியதும் கிழவர் கோணிய வாயால், "இவனுக்கு... ஜெயிலைக் குடுங்க... நீ இரும்மா," என்றார். கணவன் சிரித்துவிட்டான். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள்.

தண்டனைக்கு முன் ஆளைப் பற்றி விசாரித்து ஜட்ஜுக்கு எழுதிக்கொடுப்பதற்கென்று ஒரு நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்தார். சாந்தமான மனிதர். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். எல்லாம் கேட்டு முடித்தபின், "மறுபடி யாராவது இப்படி வாய் விட்டா என்ன செய்வீங்க?" என்றார்.

"இனிமே செய்யமாட்டேன்" என்று சொல்லச் சொல்லி வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் சின்னக்காவின் வாயில் வந்தது வேறு. "தெரியலைங்க. அன்னைக்குக் காலையில கேட்டிருந்தாலும் செய்யமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். என் கையைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார். தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோம் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

தண்டனை நாளன்று காஜாப்பெண் ஜட்ஜின் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. "கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது. மிஷின்ல துணியைப் பிடிக்க முடியல," என்றாள். "இவங்க இன்னைக்கு வீட்டுக்குப் போனா, நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கணுமா?"

சின்னக்கா துணிப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஜட்ஜம்மா காஜாப்பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "இவங்களை உள்ள போட்டா உங்க மனசு கொஞ்சம் ஆறலாம்மா. உங்க கை அதனால சரியாகப்போறதில்ல. நான் குடுக்கப்போறது உங்களுக்குப் போதாதுன்னு தோணும். அது எனக்குத் தெரியும்."

பிறகு சின்னக்காவிடம் திரும்பினார். "உங்க கையைப் பாத்தா உங்களுக்கே பயம்னு சொன்னதா அதிகாரி எழுதியிருக்காரு, அதை நம்பித்தான் வெளிய விடுறேன்." இரண்டு வருஷம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பு, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். வாரா வாரம் விடுமுறை நாளில் அரசு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சம்பளமில்லாத வேலை. அந்தப் பெண்ணின் வைத்தியச் செலவு. அவள் பக்கத்தில் போகக்கூடாது, பேசக்கூடாது, ஆள்விட்டுச் சொல்லி அனுப்பக்கூடாது. "இதுல ஒண்ணை மீறினாலும் திரும்ப என் முன்னாடி வருவீங்க. அன்னைக்கு ஜெயில்தான். புரியுதா?"

தலையாட்டினாள். வெளியே வந்ததும் கணவன் தூணில் சாய்ந்து அழுதான். கூட வந்திருந்த நாத்தனார் அவள் கன்னத்தைத் தடவி, "தப்பிச்சிட்டே போ," என்றாள். சின்னக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயில் என்றால் ஒரு சுவராவது இருக்கும், அதற்குள் இருந்துவிடலாம். இனிமேல் காய்ச்சல் வந்தாலும் பயம், பஸ் வராவிட்டாலும் பயம். சலவைக்கூடத்தில் முதல் நாளே கும்பிட்டுக் கேட்டு, அயர்ன் பக்கம் போகாமல் போர்வை மடிக்கிற வேலையை வாங்கிக்கொண்டாள்.

அவள் அஞ்சியது ஒரு மத்தியானம் நடந்தது. அதிகாரியைப் பார்க்கப் போகும் பஸ்ஸில், நடுவழி நிறுத்தத்தில் காஜாப்பெண் ஏறினாள். பஸ் கிளம்பிவிட்டது. கூட்டத்தில் இருவருக்கும் நடுவே ஒரு கம்பிதான். உட்கார்ந்திருந்த சின்னக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'பக்கத்தில் போகக்கூடாது' என்றால் எவ்வளவு பக்கம்? நாம் போகவில்லையே, அவள்தானே வந்தாள்? யாரிடம் போய்ச் சொல்வது? எழுந்து படிக்கட்டை நோக்கி முண்டினாள்.

"எதுக்கு எறங்குறீங்க?" காஜாப்பெண்ணின் குரல். "உக்காருங்க."

வாய் திறந்தால் அதுவும் பேசியதாகிவிடும். சின்னக்கா பதில் சொல்லாமல் அடுத்த நிறுத்தத்தில் குதிக்காத குறையாக இறங்கினாள். மீதி தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். நேரம் தாண்டிவிட்டது. அதிகாரியின் அறை வாசலில் நின்றபடியே மூச்சிரைக்கச் சொன்னாள்.

"நேரம் தப்பிடுச்சு. அவளும் அதே பஸ்ல... உக்காருன்னு சொன்னா. நான் ஒரு வார்த்தை பேசலைங்க. என்னை அனுப்பிடுவீங்களா?"

அவர் நாற்காலியைக் காட்டினார். மூச்சு அடங்கும்வரை விட்டுவிட்டு, "எறங்கினது சரி," என்றார். "அந்தப் பொண்ணு உக்காருன்னு சொன்னாலும் நிபந்தனை போட்டது கோர்ட்டு. கோர்ட்டு சொன்னாத்தான் மாறும். நேரம் தப்பினதை நான் எழுதத்தான் செய்வேன். ஏன் தப்பிடுச்சுன்னும் எழுதுவேன். அதுக்காக யாரும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க."

அவளுக்கு அப்போதுதான் ஒரு ஆசை வந்தது. "அவ மனசு மாறியிருப்பாளோ? ஒருதடவை மன்னிப்புக் கேக்க அனுமதி வாங்கித் தருவீங்களா?"

கேட்டுப்பார்க்கிறேன் என்றார். அடுத்த முறை போனபோது சுற்றி வளைக்காமல் சொன்னார். "பஸ்ல எல்லாரும் பாத்தாங்க, சங்கடமா இருந்துச்சு, அதான் உக்காரச் சொன்னேன்னாங்க. உங்களைப் பாக்க இஷ்டம் இல்லையாம்."

சின்னக்கா தரையைப் பார்த்தபடி, "சரிங்க," என்றாள். அதற்குப் பிறகு அந்த வழி பஸ்ஸில் ஏறவே இல்லை. சுற்றுவழியில் போனாள்.

இரண்டு வருஷமும் ஒருவழியாக முடிந்தது. கடைசி நாளில் அதிகாரி, "அவ்வளவுதாம்மா, போயிட்டு வாங்க," என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"நாளையிலேர்ந்து யாரும் என்னைப் பாத்துக்க மாட்டீங்களா?"

"நீங்கதான் பாத்துக்கணும்."

வெளியே நல்ல வெயில். வாசல்படியில் நின்று வலது கையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு ரோட்டைக் கடந்து நடந்தாள்.