கோலத்தை மிதிக்காத கால்

முதலில் நின்றது வலது கால். தோட்டத்துக்குப் போகும் பின்வாசல் நிலையருகே, உள்ளங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டது. கொய்யாவில் எத்தனை பழம் பழுத்திருக்கிறது என்று எண்ணப் போய்க்கொண்டிருந்தேன். உடம்பு போகத் தயாராக இருந்தது. கால் வரவில்லை.

"இன்னா, அங்கயே நிக்கினு இருக்கீங்க? நிலைக்கு முட்டுக் குடுக்கிறீங்களா?" என்றாள் என் மனைவி சரோஜா. சிரித்துவிட்டேன். சிரித்ததும் கால் கழன்றது. அதனால் அதை ஒரு நோயாக நினைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீடு வடக்கனந்தலில். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோட்டு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் எண்ணாமல் கடக்க முடியாது எனக்கு. ஆனால் கால் நின்ற தடவைகளை எண்ண ஆரம்பித்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. கையும் நடுங்கத் தொடங்கியிருந்தது.

சேலத்தில் பார்த்த நரம்பியல் மருத்துவர் பார்க்கின்சன் நோய் (மூளையில் அசைவுகளை நடத்தும் ஒரு வேதிப்பொருள் குறைந்துபோவது) என்றார். கால் ஒட்டிக்கொள்வதற்கு உறைநடை (நடந்துகொண்டிருக்கும்போதே கால் நின்றுபோவது) என்று பெயராம்.

"வாசல், திருப்பம், குறுகலான இடம், இங்கெல்லாம் ஜாஸ்தி வரும்" என்றார்.

வாசல் இல்லாத வீடு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, "இருக்கிற வாசல பெருசாக்குங்க" என்றார்.

என் மகன் இளங்கோ அதைப் பிடித்துக்கொண்டான். பின்சுவரை இடித்தான். நிலையையும் அதன் கீழ்ப்படியையும் எடுத்துவிட்டு, சுவர் அகலத்துக்குத் தள்ளிவிடும் கண்ணாடிக் கதவு போட்டான். வெளியே இரண்டு படி இறங்க வேண்டியிருந்த இடத்தில் மேடை எழுப்பி, கூடத்தில் பதித்த அதே டைல்ஸைக் கொய்யாமரம்வரை கொண்டுபோனான். கதவைத் தள்ளிவிட்டால் கூடம் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாற்காலியில் இருந்தபடியே கல்வராயன் மலை தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

எனக்குத்தான் நடக்க முடியவில்லை. டைல்ஸ் அத்தனை பளபளப்பு. கொய்யாவும் வானமும் தலைகீழாகத் தரையில் கிடந்தன. தண்ணீரைப் பார்ப்பதுபோல இருந்தது. காலை எங்கே வைப்பது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாசலை அகலமாக்குங்கள், படியை எடுத்துவிடுங்கள், ஆனால் தரை மினுக்கக் கூடாது. சொரசொரப்பாகப் போடு என்று மேஸ்திரியிடம் சொன்னேன். கிழவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஒரு நாள் பிடிவாதமாகக் காலை இழுத்தேன். மேலுடம்பு போய்விட்டது, கால் இருந்த இடத்திலேயே இருந்தது. நெற்றியில் ஆறு தையல்.

"இனிமே கதவு பூட்டித்தான் இருக்கும்பா. யாராச்சும் கையப் புடிச்சிக்கினு வந்தா போங்க" என்றான் இளங்கோ.

"தோட்டத்த வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டு, என்ன வெளிய வுடாம பூட்டுறியா?"

"இன்னொரு வாட்டி வுழுந்தா இடுப்பு போயிடும்பா."

அவன் சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. கண்ணாடி வழியாகப் பழங்களை எண்ணினேன். மரத்தின் பின்பக்கம் இருந்தவை கணக்கில் வரவில்லை. யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அவர்கள் அவசரத்துக்குத் திரும்ப வேண்டும். தனியாகப் போய், நான் நினைத்த மட்டும் நின்றுவிட்டு வர வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

பொங்கல் நெருங்கிய ஒரு காலையில் மருமகள் கவிதா அந்தக் கதவைத் திறந்து, வாசல் முழுக்கக் குறுக்காகக் கோடு கோடாக இழுத்துப் படிக்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். புதுக் கதவு தலைவாசலைவிட அழகாக இருக்கிறதாம். காபி ஆறுகிறது என்று சொல்லப் போனேன்.

"ஐயோ மாமா, கோலம்!" என்று கத்தினாள்.

மிதித்துவிடுவேன் என்ற பயம் அவளுக்கு. என் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு கோடாகத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"மாமா, யாரும் புடிக்கலயே ஒங்கள!"

"பேசாத. மரம் வரைக்கும் கோடு போடு."

தாண்டுவதற்குக் கண்ணெதிரே ஒன்று இருந்தால் மூளை வேறு வழியாகக் காலைத் தூக்கும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். எல்லாருக்கும் பலிக்காது என்றும், தரையில் பெயிண்டால் கோடு போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

இளங்கோ அளவெடுத்து வெள்ளைக் கோடுகள் அடித்தான். சில நாள் நடந்தேன். அப்புறம் கால் அவற்றை மிதித்தது. மிதித்த இடத்திலேயே நின்றது. பெயிண்ட் கலையாது என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. கவிதா அதன்மேலேயே மாவை எடுத்து இழுத்தாள். கால் மறுபடி தூக்கியது.

"ஒங்கோட்டுக்கு மரியாத கம்மிடா" என்று சரோஜா மகனைச் சீண்டினாள். "வூட்டுக்கு வந்த பொண்ணு கோட்டத்தான் மதிக்கிறாரு ஒங்கப்பா."

அவன் சிரிக்கவில்லை. சில நாள் என் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தான். ஒரு முறைகூட அந்தக் கை தேவைப்படவில்லை. இப்போது பூட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறான்.

இது குணமில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் எந்தக் கோடும் உதவாது; அப்படியே நிற்க வேண்டியதுதான். அலுப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் என்னுடையது என்று நினைத்திருந்த கால், என் சொல்லைக் கேட்பதில்லை. கவிதாவின் கோலத்தை மிதிக்கவும் அது சம்மதிப்பதில்லை. பொழுதுகூட அவள் மாவுக் கிண்ணத்தோடு குனியும்போதுதான் எனக்குத் தொடங்குகிறது. மத்தியானத்துக்கு மேல் மலைக்காற்று வந்து கோடுகளைக் கலைத்துவிடும். அதற்குள் எந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறேனோ, அந்தப் பக்கம்தான் அன்றைக்கு நான்.