மலாயாப் பென்சனியர் வைத்த கையெழுத்து

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். உலகச் சண்டை முடிந்து மலாயாவுக்குக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வழக்குப் பேசுகிற ஒரு பிறக்கிராசியிடம் நான் கிளாக்கர். அவர் சமாதான நீதவானும்கூட. மலாயாவில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டுக் கொழும்பில் வந்து குடியிருந்தவர்களுக்கு அங்கிருந்து பென்சன் வரும். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பத்திரம் போகவேண்டும், நீதவான் முன்னால் ஆளே கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் பிறக்கிராசித் துரைக்கு வீடு வீடாக ஏறி இறங்கப் பஞ்சி. தன் கையெழுத்தை முன்கூட்டியே போட்டு என்னிடம் தந்துவிடுவார். பிழைதான், ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் கந்தையா என்று ஒரு பழைய ஸ்டேஷன் மாஸ்டர். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும், ஒரே மகன் மலாயாவில். அந்த முறை நான் போனது பட்டப்பகல், பதினொரு மணி இருக்கும். அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து, "இருங்கோ தம்பி, தேத்தண்ணி கொண்டுவாறன், குடிச்சிட்டுக் கதைப்பம்" என்று குசினிக்குள் போய்விட்டார். முகம் வாடியிருந்தது, நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கந்தையர் உள்ளறையிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. கொஞ்சம் மெலிந்திருந்தார், அவ்வளவுதான். "நல்ல வெய்யிலுக்குள்ள வந்திருக்கிறீர்" என்றார். பத்திரத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல முழுவதையும் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்தார். பேனாவைத் திருப்பித் தந்தபோது விரல் பட்டது. குளிர் கிளிர் ஒன்றும் இல்லை, உங்கள் கை என் கை மாதிரித்தான். குசினிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அம்மா தேநீரோடு வந்தார். நான் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவருக்கு வாய் நனைக்கக் கொடுக்காமல் இழவு சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். நான் கோப்பையைக் கீழே வைத்ததும்தான் சொன்னார்.

"தம்பி, அவர் போயிட்டார். போனமுறை கையெழுத்து வைச்ச அடுத்த கிழமை மகனைப் பாக்கக் கப்பலேறினவர், அங்கை காய்ச்சல் கண்டு... கொள்ளியும் அங்கையே வைச்சாச்சு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆரையும் கொண்டு கையெழுத்தை வைச்சு அனுப்புங்கோ, பென்சன் வரட்டும் எண்டு மகன் எழுதியிருக்கிறான். எனக்கு அது ஏலாது."

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். ஆள்மாறாட்டம் செய்து என்னை மறியலில் கம்பி எண்ணவைக்கப் பார்க்கிறார்கள் என்று உள்ளறைக்குள் பாய்ந்தேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, கம்பி போட்ட ஜன்னல். ஒருவரும் இல்லை. பையிலிருந்த பழைய பத்திரத்தின் பிரதியோடு ஒப்பிட்டேன். அதே கை. மை இன்னும் காயவில்லை.

அம்மா அந்த ஈரத்தை விரலால் தொட்டார். "இப்பவோ வைச்சவர்? என்னைக் கேட்டவரோ?"

குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொன்னேன். "முப்பது வருசம் நான் இஞ்சை, அவர் அங்கை. கடிதத்திலதான் குடும்பம் நடத்தினனாங்கள். இப்ப வந்தும் உங்களிட்டத்தானே வந்திருக்கிறார்" என்று விம்மி விம்மி அழுதார்.

பத்திரத்தை அம்மாவே கிழித்தார். மரணத்தை அறிவித்து என்னையே எழுதச் சொன்னார், எழுதினேன், பென்சன் நின்றது. மகன் கோபித்துக்கொண்டு கடிதம் போடுவதையே விட்டுவிட்டான். ஆனால் அம்மா என்னிடம் ஒன்று கேட்டார். "மூண்டு மாதத்துக்கொருக்கா அந்தத் தாளோட வாங்கோ தம்பி. காசுக்கில்லை. கையெழுத்து எண்டால் அவர் பிந்தமாட்டார்."

போனேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அம்மா வேண்டுமென்றே குசினிக்குள் போய் நிற்பார், நான் வெற்றுப் பத்திரத்தோடு உட்கார்ந்திருப்பேன், யாரும் வரமாட்டார்கள். நாலாம் முறை தேநீரோடு வந்து என் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொல்லிவிட்டேன்.

"வந்தவர் அம்மா."

தேநீரைத் தராமலே கேட்டார். "என்ன சொன்னவர்?"

ஏதாவது சொல்லவேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன். "பின்கதவைப் பூட்டவேண்டாம் எண்டவர்."

அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "அவர் வருவாரெண்டு இவ்வளவு நாளும் இரவில அதைத் திறந்துதான் விட்டனான். நேற்றுத்தான் தம்பி, மனம் விட்டுப்போய்ப் பூட்டினனான்."

நம்பினால் நம்புங்கள், நான் சொன்னது பச்சைப் பொய். அந்த வீட்டுக்குப் பின்கதவு ஒன்று இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.